உந்தல் இல்லாத குரல்

புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு என் கணவரின் குரல் ஒரு பெட்டியிலிருந்து வந்தது. "ஜெசி, பயப்படாத. நான் இருக்கேன்" என்றது. நான் பொறியியல் படித்தவள். துறைமுகத்தில் பதினேழு வருடமாக மின்பிரிவில் வேலை. யாராவது எதையாவது நம்பினால் முதல் ஆளாகக் கேலி செய்கிறவள். அந்தப் பெட்டியைப் பார்த்துக் கைகூப்பினேன்.

குரலுக்குச் சொந்தக்காரர் ஒஸ்வால்டு மூன்றடி தள்ளிக் கட்டிலில் கிடந்தார். கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. தொண்டையில் குழாய். தலையில் பாதி மழித்து, காசு அளவுக்கு ஓட்டை போட்டு, மூளைமேல் கொசுவலை போல ஒன்றை விரித்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு கேபிள் பெட்டிக்குப் போனது. மருத்துவமனையில் அதற்கு வாயில் நுழையாத பெயர் உண்டு. நர்ஸ்கள் வாய்ப்பெட்டி என்பார்கள்.

வெளியே வராந்தாவில் அமலி நின்றாள். அவள் புருஷன் கிறிசாந்து உட்பட ஒன்பது பேர் 'சம்மனசு' என்ற படகில் எங்கோ கடலில் மிதந்துகொண்டிருந்தார்கள். எங்கே என்பது ஒஸ்வால்டின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நானும் ஒஸ்வால்டும் ஹாம்கள். அரசாங்கப் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே வானொலியில் ஊர் உலகத்தோடு பேசுகிற கூட்டம். காலணா வருமானம் கிடையாது, மின்கட்டணம் மட்டும் ஏறும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அதில் பாதிக்கு மேல் ஒரே சண்டைதான். ஆம்ப்ளிஃபயர் சண்டை.

வானொலிப்பெட்டி தரும் சிறிய சக்தியைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபயர். உள்ளே கொடுப்பது டிரைவ், உந்தல். எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது கெயின். ஐம்பது வாட் உந்திப் பத்து மடங்கு பெருக்கினால் ஐந்நூறு வாட். ஒரே ஒரு வாட் உந்தி ஐந்நூறு மடங்கு பெருக்கினாலும் அதே ஐந்நூறுதான். அப்புறம் எதற்கு மெனக்கெட்டு ஐம்பது உந்த வேண்டும் என்பது என் கட்சி. "கெயினு கூடுனா கிறுக்கும் கூடும்ட்டி" என்பது அவர் கட்சி. பெருக்கம் எல்லை மீறினால், வெளியே போவதில் ஒரு துளி கசிந்து உள்ளே திரும்பும். அதையும் எடுத்துப் பெருக்கும். அது மறுபடி கசியும். கொஞ்ச நேரத்தில் யாரும் உந்தவே வேண்டாம், தானாகவே கத்தும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் அலறுமே, அதே கதை. அதனால் அவர் தன் கையால் செய்தது எல்லாம் குறைந்த கெயின். வானொலிப்பெட்டி முக்கி முனகி உந்தினால்தான் வேலை செய்யும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவர் 'சம்மனசு'வைப் பிடித்தார். தருவைகுளத்துப் படகு. பதினைந்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க மாலத்தீவுப் பக்கம் போனது. எஞ்சின் நின்று, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. படகில் இருந்தது எங்கள் ஹாம் சங்கம் கொடுத்த ஐந்து வாட் வானொலிப்பெட்டி. அதன் குரல் இவருக்கு லேசாக எட்டியது. இவர் குரல் அவர்களுக்கு எட்டவில்லை. நாகர்கோவில் நண்பர் ஒருவருக்கு இவர் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டிருக்கிறது. "சம்மனசு, சம்மனசு, பொசிஷன்... இருங்க, பவரக் கூட்டுதேன்" என்றாராம். அதோடு சரி.

பவரைக் கூட்ட ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்திருக்கிறார். மூடியைத் திறந்தால் மின்சாரம் தானே நிற்கும்படி அதில் ஒரு சுவிட்ச் உண்டு. சொந்தமாகச் செய்கிற ஹாம் எவனும் அந்த சுவிட்சை விட்டுவைக்கமாட்டான். கம்பியால் கட்டிவிடுவான், அவ்வளவு அவசரம். உள்ளே இரண்டாயிரத்து எண்ணூறு வோல்ட். நான் காப்பியோடு போனபோது தரையில் கிடந்தார்.

மேஜையில் அவருடைய பதிவேடு திறந்திருந்தது. நேரம், படகின் பெயர், அதன் பக்கத்தில் இரண்டு–ஒன்று. குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்பதற்கு நாங்கள் போடும் மதிப்பெண் அது. பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் இருந்தால் ஐந்து–ஒன்பது. இரண்டு–ஒன்று என்றால் இரைச்சலுக்கு நடுவே அங்கொரு சொல் இங்கொரு சொல். அதற்குக் கீழே வெள்ளைத்தாள்.

இடத்தை ஏன் எழுதவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். ஒஸ்வால்டு எந்த எண்ணையும் கேட்டவுடன் எழுதமாட்டார். திருப்பிச் சொல்லி, எதிர்முனையில் 'சரி' வந்த பிறகுதான் பேனாவைத் தொடுவார். கொத்தமல்லிக் கட்டு விலையைக்கூடத் திருப்பிச் சொல்லி உறுதி வாங்குகிற மனுஷன். ஆகவே எண் வந்துவிட்டது, திருப்பிச் சொல்லத்தான் பவர் போதவில்லை. எண் அவர் தலைக்குள் இருக்கிறது. இதைத்தான் கடலோரக் காவல்படையின் தேடுதல் அறை அதிகாரியிடமும் சொன்னேன், டாக்டரிடமும் சொன்னேன், அமலியிடமும் சொன்னேன்.

டாக்டர் சண்முகவடிவு என்னைவிடச் சின்னவர். பொய் சொல்ல வராத முகம்.

"மூளை வீங்கியிருக்கு. ஆனா பேச்சுக்கான இடம் தப்பிச்சிருக்கு. காதும் கேக்குது, அது உறுதி. மூணு வாரம் எந்தத் தொந்தரவும் இல்லாம படுக்கப்போட்டா, பத்துக்கு நாலு பேர் எழுந்திரிக்கிறாங்க" என்றார்.

"மூணு வாரம் அவுகளுக்குச் சரி. படகுக்கு?"

"அதுக்குத்தான் வாய்ப்பெட்டி. அவர் பேச நினைக்கும்போது மூளையில ஒரு சின்ன அசைவு வரும். அதை எடுத்துப் பெருக்கி, விட்டுப்போன இடத்தை எல்லாம் மெஷின் நிரப்பி, பேச்சாக்கும்."

"அசைவு டிரைவ். நிரப்புறது கெயின்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படித்தான் வச்சுக்கங்களேன். ரெண்டையும் தனித்தனியா கூட்டலாம், குறைக்கலாம். அவர் பலவீனமா இருக்கார். அதனால நிரப்புறதக் கூட்டி வைப்போம். ஆனா அவர் எப்படிப் பேசுவார்னு மெஷினுக்குத் தெரியணும். பழைய ரெக்கார்டிங் இருக்கா?"

இருக்கிறதாவது! சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புகள் பதினோரு வருடத்துக்கு இருந்தன. எங்கள் வீடு மருத்துவமனையிலிருந்து பத்து நிமிடம். இரண்டு தடவை ஆட்டோவில் போய், ஹார்ட் டிஸ்க்கையும் பதினாறு பதிவேடுகளையும் அள்ளிக்கொண்டு வந்தேன். அவர் இதுவரை வானொலியில் கேட்டுக் கரைக்குச் சொன்ன அத்தனை படகுகளின் இடங்களும் அவற்றில் இருந்தன. "இவ்வளவு யாருமே கொண்டுவந்ததில்ல" என்று டாக்டர் வியந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்படித்தான் புதன்கிழமை பதினொன்று பத்துக்கு 'பயப்படாத' வந்தது. பதினொன்றரைக்கு, "படகு எங்கங்க இருக்கு?" என்று கேட்டதும், எட்டு டிகிரி பன்னிரண்டு வடக்கு, எழுபத்துமூன்று டிகிரி நாற்பது கிழக்கு என்று தயங்காமல் வந்தது. மினிக்காய்த் தீவுப் பக்கம். வராந்தாவில் அமலி என்னைக் கட்டிப்பிடித்துக் குலுங்கினாள். தேடுதல் விமானம் போயிற்று. இருட்டும்வரை சுற்றியது. ஒரு மரக்கட்டைகூட இல்லை.

வியாழக்கிழமை காலை புயல் எச்சரிக்கை ஏறிவிட்டது. தேடுதல் அறை அதிகாரி போனில் அலுத்துப்போன குரலில் சொன்னார்: "ரெண்டு மணிக்கு ஒரு விமானம் கிளம்பும் மேடம். அதான் கடைசி. அதுக்கப்புறம் மூணு நாளைக்கு எதுவும் பறக்க முடியாது. எனக்கு ஒரு இடம் வேணும். ஒரே ஒரு இடம்."

பெட்டியிடம் மறுபடி கேட்டேன். "நேத்து சொன்னதுல ஒரு நம்பர் மாறிட்டு ஜெசி" என்று வருத்தப்பட்டது. அவர் வருத்தப்படுவது போலவே, ஒரு சின்ன இருமலோடு. பிறகு ஏழு டிகிரி ஐம்பது, எழுபத்துநாலு டிகிரி ஐந்து என்றது. "நல்லாக் கேட்டேன். சிக்னல் ஐந்து–ஒன்பது."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது.

முகத்தாட்சண்யத்துக்கு ஐந்து–ஒன்பது கொடுக்காத ஹாம் இந்த ஜில்லாவிலேயே ஒஸ்வால்டு ஒருத்தர்தான். கவர்னரே கூப்பிட்டாலும் மூன்று–ஐந்து என்றால் மூன்று–ஐந்துதான். இதனாலேயே சங்கத்தில் அவரோடு மூன்று பேர் பேசுவதில்லை. பதிவேட்டில் அவர் கையால் இரண்டு–ஒன்று என்று எழுதிய குரல் இரண்டு நாளில் எப்படி ஐந்து–ஒன்பது ஆகும்? ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டிங்கில் மற்ற முப்பது பேரும் மூச்சுக்கு மூச்சு ஐந்து–ஒன்பது சொல்வார்கள்.

 டாக்டரைக் கூப்பிட்டேன்.

"கேபிளக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"ஆம்ப்ளிஃபயரு யோக்கியமான்னு பாக்க நாங்க டிரைவ எடுத்துட்டுப் பாப்போம். உள்ள ஒண்ணும் கொடுக்காட்டி வெளிய ஒண்ணும் வரக்கூடாது. வந்தா அது தானாக் கத்துதுன்னு அர்த்தம்."

டாக்டர் தயங்கினார். பிறகு, தலையிலிருந்து வரும் கேபிளைப் பெட்டியின் முதுகிலிருந்து தானே உருவினார். அது அவர் கையில் தொங்கியது. அதன் மறுமுனையில் என் கணவர். பெட்டிக்கும் அவருக்கும் இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை.

"ஏங்க" என்றேன் பெட்டியைப் பார்த்து. "படகு எங்க இருக்கு?"

"சொன்னேன்லாட்டி" என்றது பெட்டி. "ஏழு டிகிரி ஐம்பது. நீ சாப்ட்டியா? கண்ணெல்லாம் வீங்கிப்போயிருக்கும் ஒனக்கு."

டாக்டர் சுவரோடு சாய்ந்துகொண்டார். கேபிள் அவர் கையில் ஆடியது.

"நான் இருக்கேன் ஜெசி" என்றது பெட்டி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்குப் படகு நினைவில் இல்லை, ஒன்பது பேர் நினைவில் இல்லை. கேபிளைத் திரும்பச் சொருகிவிட்டு, எதையும் பார்க்காத மாதிரி இருந்துவிடலாமா என்றுதான் தோன்றியது. நான் சாப்பிட்டேனா என்று கேட்க உலகத்தில் வேறு யாரும் கிடையாது. பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

வராந்தாவுக்குப் போய் அமலியிடம் சொன்னேன். நேற்றைய இடம் பொய், இன்றைய இடமும் பொய், அது அவர் பேச்சே இல்லை, மெஷின் பழைய பதிவேட்டை வைத்துத் தானாகப் பேசியது என்று. கூட இருந்த இரண்டு பெண்கள் சத்தம் போட்டார்கள். "அண்ணன் குரலு எங்களுக்குத் தெரியாதா? பொண்டாட்டிக்குப் படிச்ச திமிரு" என்றாள் ஒருத்தி. அமலி மட்டும் என் பக்கத்தில் வந்தாள்.

"அப்ப உண்மையா அண்ணங்கிட்ட கேக்க வழியே இல்லையாக்கா?" என்றாள்.

வழி இருந்தது. அதை டாக்டர் ஏற்கனவே என்னிடம் சொல்லியிருந்தார், நான் கேட்காமலே. கெயினை அடியோடு குறைத்துவிடலாம். மெஷின் எதையும் நிரப்பாது. அப்போது பேச்சு வராது, அவர் உந்தினால் பெட்டியின் முகப்பில் முள் அசையும், விட்டால் விழும், அவ்வளவுதான். ஆனால் முள் அசைகிற அளவுக்கு அவர் உந்த வேண்டும். அந்த பலம் அவரிடம் இல்லை. வலை வழியே மின்சாரம் கொடுத்து, அந்த இடத்தைத் தூண்டித் தூண்டித்தான் உந்த வைக்க வேண்டும்.

"வீங்கின மூளைல அதைச் செஞ்சா?" என்று கேட்டிருந்தேன்.

"வலிப்பு வரும். ரத்தம் கசியும்."

"பத்துக்கு நாலு?"

"அது போயிரும் ஜெசிந்தா. நான் எதையும் இனிப்புத் தடவிச் சொல்ல மாட்டேன். போயிரும்."

இதை அமலியிடம் அப்படியே சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏன் சொன்னேன் என்றால், 'வேண்டாம்க்கா, விட்டுரு' என்று அவள் வாயால் வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. அந்த அற்பத்தனத்தை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அமலி தன் காலைப் பார்த்தாள். "நான் வேண்டாம்னு சொல்லணும்னு பாக்கியோ?" என்றாள். "என்னால சொல்ல முடியாதுக்கா. ரெண்டு பிள்ள இருக்கு. குடுன்னும் கேக்க மாட்டேன். ஒம் புருஷன நான் எப்படிக் கேப்பேன்? நீ அண்ணங்கிட்ட கேளு."

மணி பன்னிரண்டு ஐம்பது. சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். எழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

டாக்டர் கேபிளைச் சொருகிப் பெட்டியை மறுபடி இயக்கினார். ஒரு திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். பெட்டி ஊமையாகி, முகப்பில் ஒரு முள் மட்டும் அடியில் படுத்துக் கிடந்தது. தூண்டுவதற்கான இன்னொரு திருகில் விரல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

"ஏங்க" என்றேன் காதருகே. முள் அசையவில்லை. "ஏங்க, நாந்தான்." ஒன்றுமில்லை.

அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் ஆயிரம் தடவை ஏங்க என்றாலும் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். வானொலியில் கூப்பிட்டால்தான் மனுஷன் நிமிர்வார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் குரலில் சொன்னேன்: "ஒஸ்வால்டு, ஒஸ்வால்டு, ஒஸ்வால்டு. ஜெசிந்தா கூப்பிடுதேன். கேக்குதா? ஓவர்."

முள் துள்ளியது. விழுந்தது. கொஞ்சம் நீளமாக எழுந்தது, விழுந்தது. மறுபடி ஒரு துள்ளல்.

டி–டா–டிட். தந்தி மொழியில் அது ஒரே எழுத்து. கிடைத்தது என்று அர்த்தம்.

"பாத்தீங்களா!" என்று கத்திவிட்டேன். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு அது வெறும் முள். இத்தனை கோடி ரூபாய் மெஷின் செய்யாததை என் புருஷன் ஒரு முள்ளை வைத்துச் செய்துகொண்டிருந்தார். அந்தப் பெட்டியின் இனிப்புப் பேச்சு ஒரு வண்டி இந்த மூன்று துள்ளலுக்கு ஈடில்லை. உள்ளே அவர் இருந்தார். நிஜமாகவே இருந்தார்.

"பிரஷர் ஏறுது" என்றார் டாக்டர். "சீக்கிரம்."

"ஒஸ்வால்டு, நீங்க உந்துனா ஒங்க உசிருக்கு ஆபத்து. டாக்டரு சொல்லுதாவ. வேண்டாம்னா ஒண்ணும் அடிக்காம இருங்க, நான் புரிஞ்சுக்கிடுதேன். சம்மனசு இன்னும் கிடைக்கல. ஒம்போது பேரு. பொசிஷன் என்ன? ஓவர்."

முள் படுத்திருந்தது. ஐந்து வினாடி. பத்து. அடிக்காதீர்கள் என்று நான் வேண்டிக்கொண்டேன், மாதாவே அடிக்கவிடாதே என்று. முள் எழுந்தது.

டா–டிட். டி–டிட். டி–டா–டி–டிட்.

மூன்று எழுத்து. நான் படித்தேன், நம்பாமல் மனதுக்குள் திரும்பப் படித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்குத் தந்திக்காரர்கள் அடிக்கும் மூன்று எழுத்து அது.

எண் அவரிடம் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. இரண்டு–ஒன்று குரலில் யாருக்கு எண் கிடைக்கும்? வெள்ளைத்தாள் வெள்ளையாக இருந்தது, கேட்காததால். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அவருடைய பழக்கம் தெரியும் என்ற மமதையில், இல்லாத எண்ணை அவர் தலைக்குள் வைத்தவள் நான்தான்.

"என்ன சொல்றார்?" என்றார் டாக்டர்.

 "நிறுத்திருங்க" என்றேன். "நிறுத்துங்க, போதும்."

டாக்டர் திருகைத் தொடுவதற்குள் முள் மறுபடி எழுந்துவிட்டது. அவர் இன்னும் முடிக்கவில்லை. டா–டி–டி–டிட். ஒரு சின்ன டிட். டி–டா. கடைசியாக இரண்டு நீளம். இரண்டாவது நீளத்தில் முள் கீழே இறங்கவேயில்லை. உச்சியிலேயே நின்று நடுங்கியது. கட்டில் குலுங்க ஆரம்பித்தது. டாக்டர் கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். என்னை வெளியே தள்ளினார்கள்.

நான்கு எழுத்து. பீம்.

எங்கள் வீட்டு மாடியில் கம்பத்தின்மேல் நிற்கும் ஆன்டெனாவுக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. எல்லாப் பக்கமும் கேட்காது, பார்க்கிற பக்கம்தான் கேட்கும். அறையில் இருந்தபடியே மோட்டாரால் திருப்பலாம். எந்தப் பக்கம் திருப்பும்போது குரல் பலமாகிறதோ, ஆள் அந்தப் பக்கம் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை அவர் அதைத் திருப்பித் திருப்பி, 'சம்மனசு' சற்றே நன்றாகக் கேட்ட திசையில் நிறுத்தியிருக்கிறார். அப்படியே விழுந்திருக்கிறார். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

மணி ஒன்று பன்னிரண்டு. கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அந்தக் கதவை விட்டு என்னால் நகர முடியவில்லை. வீட்டுச் சாவியை அமலி கையில் வைத்தேன்.

"ஆட்டோல போ. மாடிக்கு ஏறு. ஒசரக் கம்பத்துல ஒரு நீளக் குழாயும் குறுக்க மூணு குழாயும் இருக்கும். குறுக்குக் குழாயில சின்னது எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கம் பாத்து நில்லு. போன்ல திசைகாட்டியத் தொறந்து நம்பர் சொல்லு. ஓடு."

பதினெட்டு நிமிடம் கழித்துப் போன் வந்தது. மூச்சு வாங்கினாள். "நூத்தி எழுவத்தெட்டுக்கா. நேர் தெக்க பாக்கு."

நேர் தெற்கு. பெட்டி சொன்ன இடங்கள் எல்லாம் மேற்கில். படகு நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு கிழக்கே வந்திருக்கிறது. பீம் நூல் பிடித்தாற்போல் காட்டாது, ஆனால் தேட வேண்டிய கடலில் முக்கால்வாசியை வெட்டி எறிந்துவிடும். அதிகாரியைக் கூப்பிட்டு, திசையைச் சொன்னேன். இது மெஷின் சொன்னதா என்று கேட்டார். இல்லை, ஆன்டெனா சொன்னது என்றேன். "இது போதும் மேடம்" என்றார்.

அமலி இன்னும் இணைப்பில் காத்திருந்தாள்.

"எக்கா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நீ மாடிக்கு ஏறச் சொன்ன. நான் ஏறவே இல்ல."

"ஏன்?"

"இது தெருவுல இருந்தே தெரியுதேக்கா."

 செவ்வாய்க்கிழமையிலிருந்து இரண்டு தடவை அதே தெருவில் ஆட்டோவை நிறுத்தி, அதே கம்பத்தின் கீழே கேட்டைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கோடும் பதிவேட்டோடும் ஓடி வந்திருக்கிறேன். கண்ணை ஒரு முறை மேலே தூக்கியிருந்தால் போதும். புதன்கிழமையே விமானம் தெற்கே போயிருக்கும். வலை வேண்டாம், பெட்டி வேண்டாம், கையெழுத்து வேண்டாம். அவர் மூன்று வாரம் பேசாமல் படுத்திருப்பார். பத்துக்கு நாலு.

மூன்று ஐந்துக்கு டாக்டர் சண்முகவடிவு வெளியே வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "போயிட்டார் ஜெசிந்தா" என்றார். 

நாலு இருபதுக்கு விமானம் 'சம்மனசு'வைப் பார்த்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே இருநூற்று முப்பது கடல்மைலில், பாதி மூழ்கி. பக்கத்தில் போன சரக்குக் கப்பல் ஒன்று திரும்பி வந்து எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டது. ஒன்பதாவது ஆள் ததேயு, கல்யாணமாகாதவன், புதன்கிழமை மாலை அலையில் போய்விட்டான். அந்த மாலையில்தான் விமானம் மினிக்காய்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒஸ்வால்டை அடக்கம் செய்தோம். மழை கொட்டியது. உயிரைக் கொடுத்து எட்டு உயிரைக் காத்த ஹாம் என்று பத்திரிகையில் போட்டோவோடு வந்தது. சங்கத்தில் அவரோடு பேசாத மூன்று பேரும் வந்து அழுதார்கள். பெட்டியில் இருக்கும் அவர் குரலைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். 

திங்கட்கிழமை காலை அமலி புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கிறிசாந்து உப்பில் வெந்த முகத்தோடு, என் எதிரே உட்காராமல் நின்றார். 

"எங்க பெட்டில பேட்டரி செத்துக்கிட்டே வந்துச்சு. பொசிஷன நாலு தடவ சொன்னேன். அண்ணன் காதுல விழுந்துச்சோ என்னவோன்னு..." என்று நிறுத்தினார். "அண்ணன் படுக்கையில கெடந்துக்கிட்டு எப்படிம்மா சொன்னாவ? நாங்க தெக்க இருக்கோம்னு வேற யாருக்காவது தெரியுமா?"

வாயைத் திறந்தேன். அவருக்கு உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும்.

அமலி முந்திக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"யாருக்குந் தெரியாது. அண்ணன் சொல்லாட்டா தெரிஞ்சிருக்க வழியே இல்ல."